நேற்றுச் சேர்ந்தவரின் கழுத்து

இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதலாண்டு மாணவர்கள். நடுநிலைப் பள்ளியிலும் அப்படி, உயர்நிலைப் பள்ளியிலும் அப்படி. ஜப்பானியக் கல்விச் சமூகவியலாளர் ரியோ உச்சிதா, 1983 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கான பள்ளி விபத்து ஆவணங்களைப் புரட்டி, ஜூடோ மரணங்களை மட்டும் தனியே எடுத்துக் கூட்டினார். எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. அந்த ஆவணங்களை யாரும் பூட்டி வைத்திருக்கவில்லை. பள்ளியில் அடிபட்ட பிள்ளைகளுக்கு இழப்பீடு தரும் அமைப்பு ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்டவைதான். கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

கூட்டிய பிறகு ஒரே மாதிரிக் கதை திரும்பத் திரும்ப வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை. எதிரே தேர்ந்த சீனியர், சில சமயம் ஆசிரியரே. வீச்சு பெரும்பாலும் ‘ஓசோட்டோகாரி’: எதிராளியின் காலைப் பின்பக்கமாக வாரி, ஆளை மல்லாக்கச் சாய்ப்பது. விழத் தெரிந்தவர் மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, கையால் பாயை அறைந்து விழுவார். தெரியாதவருக்குப் பின்மண்டை முதலில் இறங்கும். கழுத்துத் தசை முற்றாத பிள்ளைக்குத் தலை பாயில் மோத வேண்டும் என்றுகூட இல்லை. வெட்டி இழுபடும் வேகத்திலேயே மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ஓடும் சிரைகள் கிழிந்து ரத்தம் கட்டிவிடும். ‘தலை வலிக்கிறது’ என்று சொன்ன பிள்ளையைக் கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி இறக்கிவிட்டால் முடிந்தது.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் 2010 இல் சங்கம் சேர்ந்தார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய நாடு பிரான்ஸ். அங்கே பதிவு பெற்ற ஜூடோகாரர்கள் 5 லட்சத்துக்கு மேல், ஜப்பானைவிட அதிகம். ஆனால் பிள்ளைகள் இப்படிச் சாவதாகச் செய்தி இல்லை. அங்கே சம்பளத்துக்கு ஜூடோ சொல்லித்தர அரசுத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஜப்பானிலோ அப்போது கருப்பு பெல்ட் இருந்தால் போதும் என்ற நிலை. 2012 ஏப்ரலில் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது விவகாரம் நாடு முழுக்க வெடித்தது. ஜூடோ சம்மேளனம் 2013 இல் பயிற்றுநர் உரிம முறையைக் கொண்டுவந்தது. புதியவர்களை வீசுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 2012 முதல் 2014 வரை ஒரு பிள்ளைகூட இறக்கவில்லை. 2015 இல் மறுபடி ஒரு முதலாண்டு மாணவி இறந்தார்.

பாய் அதே பாய்தான், வீச்சும் அதே வீச்சுதான். யாரை யார் எப்போது வீசலாம் என்பதைப் பெரியவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள், அவ்வளவே.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் மற்ற ஊர்களிலும் ‘கிராப்ளிங்’ கூடங்கள் வந்துவிட்டன. ஜூடோ, பிரேசிலியன் ஜியு-ஜிட்சு, எம்.எம்.ஏ. என்று பலகையில் எது இருந்தாலும் உள்ளே நடப்பது கட்டிப் புரளும் கலை. கைபேசியில் யு.எஃப்.சி. பார்த்து வந்த கல்லூரிப் பையன், முதுகுவலி தீர ஏதாவது செய்யலாம் என்று வந்த ஐ.டி.காரர், பாதுகாப்புக்காக மகளைச் சேர்க்கும் அப்பா என எல்லாரும் வருகிறார்கள். இந்தியாவில் பாட்டியாலா என்.ஐ.எஸ். டிப்ளமோ ஜூடோவுக்கும் மல்யுத்தத்துக்கும் உண்டு. ஆனால் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஹாலைப் பிடித்து, பாய் விரித்து, போர்டு மாட்டுகிறவரிடம் அது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சேர வருகிறவர்கள் கேட்பது ஃபீஸ், நேரம், பார்க்கிங். முதல் மாதம் என் மகன் யாரோடு உருள்வான் என்று ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

கழித்ததால் வளர்ந்த கலை

பாதுகாப்பைப் பற்றிப் பேசினாலே சில மாஸ்டர்களுக்கு முகம் சுருங்கும். ‘இது சண்டைக் கலை சார், பரதநாட்டியமா?’ என்பார்கள். (பரதநாட்டியத்தில் முட்டி போனவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.) அவர்களுக்கு ஜூடோவின் வரலாறே பதில்.

1882 இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், 12 பாய் விரிக்கும் அளவே உள்ள இடத்தில் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது ஜிகோரோ கானோவுக்கு வயது 22-கூட முழுதாக ஆகவில்லை. அதற்கு முன் அவர் படித்தது பழைய ஜுஜுட்சு. அதில் கண்ணைக் குத்துவது, விரலை ஒடிப்பது, குரல்வளையில் அடிப்பது எல்லாம் உண்டு. உண்டு என்பதாலேயே அவற்றை முழு பலத்தோடு பழக முடியாது. கூட்டாளி ஒருவர் தாக்குவதுபோல வர, மற்றவர் சொல்லிவைத்தபடி மடக்க, ஒத்திகையாகவே பயிற்சி முடிந்துவிடும். கானோ ஆபத்தானவற்றைத் தாராளப் பயிற்சியிலிருந்து விலக்கினார். அடி, உதை போயின. மூட்டுப் பிடிகளில் கடைசியில் முழங்கை மட்டும் மிஞ்சியது. விழும் கலைக்கு முதலிடம் தந்தார். மிச்சமிருந்ததை மாணவர்கள் தினமும், எதிர்க்கும் ஆளிடம், முழு மூச்சோடு செய்து பார்க்க முடிந்தது. வலு அங்கிருந்துதான் வந்தது. நாளைக்கும் பயிற்சிக்கு வரக்கூடிய உடம்பு உள்ளவரே தேறுகிறார்.

இந்தக் கழித்தல் வேலை நின்றுவிடவில்லை. ‘கானி பசாமி’ என்றொரு வீச்சு. பக்கவாட்டில் பாய்ந்து இரண்டு காலாலும் எதிராளியின் காலைக் கத்தரித்து விழவைப்பது. பார்க்க அழகு. 1980 இல் ஜப்பானின் தேசியப் போட்டியொன்றில் சுமியோ எண்டோ இதைப் போட, யாசுஹிரோ யாமாஷிதாவின் கால் எலும்பு முறிந்தது. யாமாஷிதா பிறகு 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அந்த வீச்சு போட்டிகளிலிருந்து தடை செய்யப்பட்டது. உலகத்தரம் வாய்ந்த இருவருக்கு நடுவிலேயே இப்படி நடந்த ஒன்றை, யூடியூபில் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை பேட்ச்சில் முயன்று பார்க்கும் வெள்ளை பெல்ட்காரரைக் கோச் எப்படி நடத்துகிறார் என்பதில் அந்தக் கூடத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

46 மில்லியன் டாலர்

2018 இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் ஒரு ஜியு-ஜிட்சு கூடம். வெள்ளை பெல்ட் அணிந்த மாணவர் ஒருவர் தன் பயிற்றுநரோடு உருள்கிறார். மாணவர் குப்புறச் சுருண்டிருக்க, பயிற்றுநர் மேலேயிருந்து பிடித்துக்கொண்டு முன்பக்கமாகக் கரணம் அடிக்கிறார். போட்டிகளில் பார்க்கக்கூடிய நகர்வுதான். ஆனால் கீழே இருப்பவரின் தலை சுதந்திரமாக உருள இடம் வேண்டும். இங்கே அவரது கழுத்து பாய்க்கும் இருவரின் எடைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தன. 2023 இல் ஜூரிகள் 46 மில்லியன் டாலர் இழப்பீடு தரச் சொன்னார்கள்.

வழக்கின் மையக் கேள்வி எளியது. இந்த விளையாட்டில் அடிபடும் என்பது தெரிந்துதான் எல்லாரும் வருகிறார்கள். அந்த இயல்பான ஆபத்தோடு போயிற்றா, அல்லது பயிற்றுநர் அதைத் தேவையில்லாமல் கூட்டினாரா? கூட்டினார் என்பதே ஜூரிகளின் முடிவு. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவை வளர்த்த கிரேசி குடும்பத்தின் ரெனர் கிரேசி நிபுணர் சாட்சியாக மாணவர் பக்கம் நின்றார். உலகமெங்கும் கருப்பு பெல்ட்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். இப்படித் தீர்ப்பு வந்தால் யார் கூடம் நடத்துவார்கள் என்று ஒரு கட்சி. மாணவரின் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கரணம் அடிப்பவர் கூடம் நடத்தாமலிருப்பதே நல்லது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. வெள்ளை பெல்ட்டுக்கு அந்த நகர்வு வருவதே தெரியாது. தெரிந்திருந்தது ஒருவருக்குத்தான்.

நம் ஊர்க் கூடங்களில் சேரும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல.’ கையெழுத்து வாங்கியதும் உரிமையாளர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். அந்தத் தாளில் ரத்த வகையும் வீட்டு எண்ணும் பழைய அறுவை சிகிச்சை விவரமும் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. கூடத்துக்கு வேண்டியது தன்னைக் காக்கும் வாசகம் மட்டுமே என்றால், மாணவருக்கு ஒன்று ஆகும் இரவில் அலமாரியில் தேட எதுவும் இருக்காது.

வாடகையும் முழங்காலும்

உரிமையாளரைத் திட்டுவது சுலபம். அவர் பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கூடம் பிழைப்பது புதியவர்களால். பழைய மாணவர்கள் கொஞ்சம் பேர், அதில் பாதிப்பேர் ஃபீஸ் பாக்கி வைப்பவர்கள், இரண்டு பேர் போட்டிக்குப் போகிறவர்கள் என்பதால் ஃபீஸே இல்லை. மாதா மாதம் அட்மிஷன் ஃபீஸோடு வரும் புதுமுகங்கள்தான் வாடகை. அந்தப் புதுமுகம் சண்டை போடும் ஆசையில் வருகிறது. விழப் பழகு, உருளப் பழகு, எழுந்திருக்கப் பழகு என்று மூன்று வாரம் ஓட்டினால் ‘போர் அடிக்குது’ என்று பக்கத்துத் தெருவில் இருக்கும் கூடத்துக்குப் போய்விடும். அங்கே முதல் நாளே ஸ்பாரிங். ஆக, புதியவரைச் சீக்கிரம் களத்தில் இறக்கச் சொல்வது வாடகை ஒப்பந்தம்தான். போட்டிக்குத் தயாராகும் சீனியர்களுக்கும் உருட்ட ஆள் வேண்டும். காசு கட்டி வந்தவர் அவர்களுக்குப் பயிற்சிப் பொம்மையாகிவிடுவது இப்படித்தான்.

இடமும் காசுதான். ஒரு ஜோடிக்குப் பத்துக்குப் பத்து அடியாவது வேண்டும் என்பது என் கணக்கு. 600 சதுர அடி ஹால் என்றால் ஆறு ஜோடி. மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். நடப்பது என்ன? மாலை ஏழு மணி பேட்ச்சில் பன்னிரண்டு ஜோடி. நடுவில் ஒரு தூண், அதற்குப் பழைய பாயைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். ஒருவர் பிடியில் கவனமாக இருக்கையில் பக்கத்து ஜோடி அவர் முழங்கால்மேல் வந்து விழுகிறது. நீட்டியிருந்த காலின் வெளிப்பக்கத்தில் 80 கிலோ இறங்கினால் உள்பக்க ஜவ்வு தாங்காது. நெரிசல் நாட்களில் எல்லாரையும் முட்டி போட்டபடியே தொடங்கச் சொல்வது, வீச்சுக்குத் தனி நாள் ஒதுக்குவது என்று செலவில்லாத வழிகள் இருக்கின்றன. செய்கிறவர்கள் செய்கிறார்கள்.

பாயைப் பற்றி ஒரு வார்த்தை. பல்லும் பள்ளமுமாக ஒன்றோடொன்று கோக்கும் ரப்பர் நுரைப் பாய் மலிவு. நாளாக ஆக இணைப்பு விரிந்து, அந்த இடுக்கில் கால் கட்டைவிரல் மாட்டும். உடம்பு திரும்பும், விரல் திரும்பாது. ஜூடோவுக்கான ‘தாதாமி’ பாய் 4 சென்டிமீட்டர் கனம். அதன் அடியிலும் வெறும் சிமென்ட் தரை இருந்தால் வீச்சுக்குப் போதாது, நடுவே மரச்சட்டத் தளம் வேண்டும். சிமென்ட்டின்மேல் 2 சென்டிமீட்டர் பாயை விரித்து, ஆளைத் தூக்கி அறையச் சொல்லித்தரும் இடத்தில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

இனி ஜோடி சேர்ப்பது. கோச்சின் வேலையில் பாதி இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் புதியவரைப் புதியவரோடு சேர்ப்பது நியாயமாகத் தோன்றும். பாயில் அதுதான் மோசமான சேர்க்கை. இருவருக்கும் எங்கே நிறுத்துவதென்று தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பிடித்ததை இழுத்து, இழுத்ததை முறுக்கி, முப்பது நொடியில் தீர்ந்துபோவார்கள். அதற்குள் ஒருவர் முழங்கை இன்னொருவர் மூக்கில். நல்ல கோச் புதியவரைக் கொஞ்சம் தேறிய ஒரு நீல அல்லது ஊதா பெல்ட்டிடம் கொடுப்பார், அதிலும் குணம் பார்த்து. ஒவ்வொரு கூடத்திலும் நாலு பேர் இருப்பார்கள்: கனமில்லாமல் உட்காரத் தெரிந்தவர்கள், பிடியைப் போட்டுவிட்டுக் கடைசி அங்குலத்தை முறுக்காமல் காத்திருப்பவர்கள். அவர்களுக்கு மெடல் இருக்காது. கூடம் ஓடுவது அவர்களால். இன்னொரு பக்கம், மெடல் வாங்கித் தருகிறவர், பேனரில் படம் போட்டிருக்கிறவர், புதியவர்களைக் கசக்குகிறவர். அவரைக் கூப்பிட்டு ஓரமாக உட்காரச் சொல்லும் தைரியம் கோச்சுக்கு இருக்க வேண்டும்.

முதல் மாதத்துக்கு என்ன செய்யலாம்? முதல் மணி நேரத்திலேயே ‘போதும், விடு’ என்று தட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடி. முழு ஸ்பாரிங்குக்குப் பதில், ஒரே நிலையிலிருந்து இரண்டு நிமிடம்: ஒருவர் மேலே இருக்கப் பார்க்கட்டும், மற்றவர் தப்பிக்கப் பார்க்கட்டும், கழுத்து நெரிப்பும் மூட்டு முறுக்கும் வேண்டாம். இதில் சண்டை போட்ட திருப்தியும் கிடைக்கும், ஆளும் முழுசாக வீட்டுக்குப் போவார். பாய்ந்து இடுப்பில் தொங்குவது, பின்னாலிருந்து இழுத்து உட்கார்ந்து எதிராளியின் முழங்கால்மேல் சரியும் ‘தானி ஓட்டோஷி’, தூக்கி அறைவது, குதிகாலைத் திருகும் ‘ஹீல் ஹுக்’ ஆகிய நாலும் ஆரம்ப பேட்ச்சில் பேச்சுக்கே இருக்கக்கூடாது. சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். ஹீல் ஹுக்கை 2021 முதல்தான் அனுமதித்தது, அதுவும் ‘கி’ என்ற பயிற்சி அங்கி அணியாத பிரிவில், பழுப்பு, கருப்பு பெல்ட் வயது வந்தவர்களுக்கு மட்டும்.

தட்டினால் விடு, தட்டாவிட்டாலும் விடு

1951 அக்டோபர், ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கம். ஜப்பானின் மசாஹிகோ கிமுரா, பிரேசிலின் எலியோ கிரேசியின் கையை முதுகுப் பக்கமாக மடக்கித் திருகினார். எலும்பு முறிந்தது. கிரேசி தட்டவில்லை. கிமுரா இன்னும் திருகினார். அப்போதும் தட்டவில்லை. கடைசியில் கிரேசியின் அண்ணன் கார்லோஸ் தரப்பிலிருந்து தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பிடிக்கு ஜியு-ஜிட்சுவில் இன்றைக்கும் ‘கிமுரா’ என்றே பெயர். தட்டாத மனிதரின் வீரத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் கூடங்கள் ஏராளம். போட்டி மேடையில் அது வரலாறு. செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அதையே செய்பவர் ஆறு மாதம் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு கிடப்பார், ஃபீஸும் கட்டமாட்டார்.

தட்டுவதென்றால் எதிராளியின் உடம்பில், அவருக்குத் தெரியும்படி இரண்டு மூன்று முறை. கை மாட்டியிருந்தால் காலால் பாயில். அதுவும் முடியாவிட்டால் வாயால், உரக்க. பிடித்திருப்பவர் பக்கம் ஒரு கடமை இருக்கிறது. முழங்கையை நேராக்கும் ஆர்ம்பாரில் வலி முன்னால் வரும், சேதம் பின்னால் வரும். தட்ட நேரம் கிடைக்கும். ஹீல் ஹுக்கில் முறுக்கு முழங்காலுக்குள் ஏறுகிறது. அங்கே வலி தெரிவதற்குள் ஜவ்வு கிழிந்திருக்கலாம். ஆகவே பிடி விழுந்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்த கணமே வெற்றி முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும். முறுக்கிக் காட்ட வேண்டியதில்லை. எதிராளி தட்டாமல் முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு அடுத்த நிலைக்குப் போகலாம். பயிற்சியில் ஒரு தட்டு கிடைக்காமல் போனதற்காக யாரும் வேலையை இழந்ததில்லை.

கழுத்து நெரிப்பு வேறு கணக்கு. சரியாக விழுந்த ‘சோக்’ மூச்சுக்குழாயை நசுக்குவதில்லை. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளை அடைக்கிறது. வலி பெரிதாக இருக்காது. பத்து நொடிக்குள் நினைவு போய்விடும். தட்டலாம் என்று நினைத்தவர் தட்டுவதற்குள் போய்விடுகிறார். கவனிக்க வேண்டியது கையை: எதிர்த்துப் பிடித்திருந்த விரல்கள் திடீரென்று தளர்ந்தால் உடனே விடவேண்டும். சில சமயம் குறட்டைபோல ஒரு சத்தம் வரும். விட்டதும் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சில நொடிகளில் விழித்து, ‘என்ன ஆச்சு?’ என்பார். முகத்தில் தண்ணீர் அடிப்பது, கன்னத்தில் அறைவது, உட்காரவைத்துக் குலுக்குவது எதுவும் வேண்டாம். விழிக்காவிட்டால் ஆம்புலன்ஸ். விழித்தாலும் அன்றைக்கு உருளக்கூடாது. அடுத்த சில நாட்களில் ஒரு பக்கக் கழுத்துவலியோடு தலைவலி, கண்ணிமை தொங்குதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமின்மை வந்தால் அது சுளுக்கு அல்ல. கழுத்துத் தமனியின் உள்சுவர் கிழிந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவுகிறவரிடம் போகாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அரிது. அரிது என்பதாலேயே தவறவிடுகிறார்கள்.

படர்தாமரை

எலும்பு முறிவைவிட அதிகமாகக் கூடங்களைக் காலி செய்வது தோல் நோய். வடநாட்டு அகாராக்களில் குஸ்திக் குழி மண்ணில் மஞ்சள், மோர், எண்ணெய் எல்லாம் கலப்பார்கள். மண்ணுக்கு அப்படி ஒரு பராமரிப்பு. நம் ரப்பர் பாய்க்கு என்ன இருக்கிறது? பினாயில்.

பினாயில் வாசம் அடித்தால் சுத்தம் என்று நினைக்கிறோம். கிருமிநாசினி எதுவானாலும் பாய் நனைந்தபடி சில நிமிடம் கிடந்தால்தான் வேலை செய்யும். எத்தனை நிமிடம் என்று பாட்டிலின் பின்னால் போட்டிருக்கும். தெளித்த கையோடு துடைத்தால் வாசம் மட்டும்தான் மிச்சம். முதலில் முடி, தூசியைப் பெருக்கி எடுக்க வேண்டும், அப்புறம் மருந்து. ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும். மாப்பு எதுவென்றும் பாருங்கள். கழிவறைக்கும் பாய்க்கும் ஒரே மாப்பு ஓடும் கூடங்கள் உண்டு. பாயிலிருந்து வெறுங்காலோடு பாத்ரூம் போய்விட்டு அப்படியே திரும்பி ஏறுகிறவர்களை யாரும் தடுக்காத கூடங்கள் இன்னும் அதிகம்.

1989 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பள்ளி மல்யுத்த வீரர்களுக்கான ஒரு பயிற்சி முகாம். வந்திருந்த 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பிஸ் கொப்புளம் பரவியது. கன்னத்தோடு கன்னம் உரசுவதே வழி. இந்த வைரஸ் ஒருமுறை வந்தால் உடம்பைவிட்டுப் போகாது. நமக்கு அதைவிடப் பெரிய தலைவலி படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு ஒரு ட்யூப்’ என்று கேட்டால் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கிரீம் ஒன்றைத் தருவார்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை நிற்காது. பத்தாம் நாள் வளையம் பெரிதாகி இடுப்பைச் சுற்றும். இந்தப் பழக்கத்தின் நடுவே இந்தியாவில் செழித்த ஒரு பூஞ்சை, வழக்கமான டெர்பினாஃபினுக்கு மசியாத வகை, 2020 இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் தனி இனமாக அடையாளம் காணப்பட்டது. பெயரே ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’. நம் நாட்டின் பெயரைச் சுமந்துகொண்டு இப்போது உலகம் சுற்றுகிறது.

வேர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்த சென்னையில், ஒருவர் முழங்கையிலிருந்து ஒரு பேட்ச் முழுதுக்கும் இது தாவ ஒரு வாரம் போதும். வகுப்புக்கு முன் கை, கழுத்து, முதுகைப் பார்த்து, வளையம் தெரிந்தால் தோல் மருத்துவரிடம் அனுப்பி, அவர் சரி என்றபிறகே உள்ளே விடவேண்டும். ‘டேப் ஒட்டிக்கிட்டு வர்றேன் மாஸ்டர்’ என்பதற்கு மசியக்கூடாது. அந்த மாத ஃபீஸை அடுத்த மாதத்துக்கு வரவு வைத்தால் யாரும் மறைக்கமாட்டார்கள். மறைக்க வைப்பது கட்டிய காசுதான்.

போட்டிக்காக எடை குறைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டியன்று காலை மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 100 கிராம் கூடுதலாக நின்றதை நாடே பார்த்தது. 1997 இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் சில வார இடைவெளியில், வியர்த்து எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன்பிறகு ரப்பர் உடையும் நீராவி அறையும் அங்கே தடை செய்யப்பட்டன. மாவட்டப் போட்டிக்காக ஒரு பள்ளிப் பையனை ரெயின்கோட் மாட்டி ஓடவிடும் மாஸ்டருக்கு இந்தச் செய்தி வந்து சேரவில்லை.

உடம்போடு உடம்பு ஒட்டும் கலை என்பதால் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. ஜப்பான் பெண்கள் ஜூடோ அணியைச் சேர்ந்த 15 பேர், தலைமைப் பயிற்சியாளர் அடித்ததையும் அவமதித்ததையும் ஒலிம்பிக் கமிட்டியிடம் எழுதிக் கொடுத்தார்கள். 2013 ஜனவரியில் அது வெளியே தெரிந்து அவர் விலகினார். தேசிய அணிக்கே அந்தக் கதி. நம் கூடங்களில் பெண்ணோ பிள்ளையோ யாரோடு உருள விருப்பமில்லை என்றாலும், காரணம் சொல்லாமல் ‘வேண்டாம்’ என்று ஒதுங்க உரிமை இருக்க வேண்டும். தனி அறையில் தனிப் பயிற்சி, இரவு பத்து மணிக்கு மாணவிக்கு வாட்ஸ்அப், போட்டிக்குப் போன ஊரில் ஒரே அறை எல்லாம் கூடாதென்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் தராமலிருப்பது போக்சோ சட்டப்படி தனிக் குற்றம். ‘கூடத்தின் பெயர் கெடும்’ என்று மூடி மறைக்கும் உரிமையாளரும் அந்தச் சட்டத்துக்குள் வருவார்.

ஜப்பான் ஜூடோ சம்மேளனம் 2022 இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியையே நிறுத்தியது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை எடை குறைக்க வைக்கிறார்கள், பெற்றோரும் பயிற்சியாளர்களும் நடுவரை நோக்கிக் கத்துகிறார்கள் என்பது காரணம். சம்மேளனத் தலைவர் அப்போது யாரென்றால், 1980 இல் கால் முறிந்த அதே யாமாஷிதா. எதிர்ப்பு வந்தது, அவர் அசையவில்லை.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களும், தாங்களே சேரப் போகிறவர்களும் காசு கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து முழுதாகப் பார்க்கலாம். கோச் எப்படிச் சண்டை போடுகிறார் என்று பார்க்க வேண்டாம். அந்த அறையில் ஆகப் புதியவர் யாரென்று கண்டுபிடித்து, அவரையே ஒரு மணி நேரம் பாருங்கள்: அவருக்கு யாரைக் கொடுக்கிறார்கள், அவர் தட்டியதும் எவ்வளவு சீக்கிரம் விடுகிறார்கள், கடைசி ரவுண்டில் அவர் களைத்துப்போனது யார் கண்ணிலாவது படுகிறதா என்று. உட்கார்ந்து பார்க்க அனுமதி இல்லை என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.